கோப்பிலொக், ஆமைப்பூட்டு, பாலைப்பழம்: ரூல்ஸ் ஓட்டையில எது மேசைக்கு நல்லம்

எங்கட மேசைக்குப் புதுசா ரெண்டு பெடியள் வந்திருக்கினம், ஒராள் புதுக்குடியிருப்பு, மற்றாள் மாங்குளம். வந்த முதல் ஞாயிறே கேட்டது ஒரே கேள்விதான், "அண்ணை, டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸில ஆகப் பவரான பில்ட் எது?" ஆளாளுக்கு ஒரு பாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டிக் கதையா விளையாடுற மேசை விளையாட்டு அது, பில்ட் எண்டா அந்தப் பாத்திரத்தின்ர திறமையளைத் தெரிஞ்சு கட்டுற விதம். வீடியோவில மூண்டு ஓட்டையப் பாத்துப்போட்டு வந்திருக்கினம், எதை எடுக்கிறதெண்டு தங்களுக்குள்ள அடிபாடு வேற. நான் இந்த விளையாட்டுக்குள்ள கிடக்கிறது இப்ப ஆறாவது வருசம், மூண்டையும் எங்கட கிளிநொச்சி மேசையில கண்டிட்டன், அதில ரெண்டை நானே விளையாடினனான், அதால ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா வைச்சுச் சொல்லுறன். பேப்பரில எவ்வளவு பெரிய நம்பர் வருது எண்டு பாத்து நான் தரம் பிரிக்கேல்ல. ஒருத்தன்ர ஓட்டையால மற்ற நாலு பேரின்ர நேரத்துக்கு என்ன நடக்குது எண்டுதான் பாக்கிறன். எங்களுக்குக் கிழமைக்கு ஒருக்கா மூண்டு மணித்தியாலம்தான் கிடைக்குது, பின்னேரம் முல்லைத்தீவுப் பஸ் போயிட்டா ரெண்டு பேருக்கு வீட்ட போக வழியில்ல.

ஓட்டை எண்டு நான் சொல்லுறது, புத்தகத்தில எழுதியிருக்கிறதை எழுதினபடியே எடுத்து, எழுதினாக்கள் நினைக்காத இடத்துக்குக் கொண்டுபோறது. அது அளாப்பல் இல்ல. 304 சீட்டு விளையாடுற ஆக்களுக்கு இது வடிவா விளங்கும், எந்தத் துரும்பு போயிட்டுது எது மிச்சம் எண்டு மனசுக்குள்ள எண்ணி வைச்சிருக்கிறது கெட்டித்தனம், எதிர இருக்கிற சோடிக்குக் கண்ணால காட்டுறது அளாப்பல். ரெண்டுக்கும் நடுவில தூரம் கனக்க.

சில ஓட்டையள் கதைச்சுச் சிரிக்க மட்டும்தான், அதுகளை இந்தக் கணக்கில சேர்க்கேல்ல. 2003இல வந்த 3.5 பதிப்பில 10 அடி ஏணி 5 செப்புக்காசு, ஆனா 10 அடிக் கம்பு 2 வெள்ளி, அதாவது 20 செப்பு. ஏணிய வாங்கிப் படியளைக் கழட்டினா ரெண்டு கம்பு வருது, பாதி விலைக்கு வித்தாலும் 5 போட்டு 20 எடுக்கலாம். மற்றது ரெண்டாயிரம் குடியானவரை வரிசையா நிப்பாட்டி 6 செக்கனுக்குள்ள ஒரு கம்பைக் கைமாத்தி அனுப்பி பீரங்கி மாதிரி அடிக்கிறது. ரூல்ஸில வேகத்துக்கு எண்டு தனி அடி இல்ல, கடைசி ஆள் எறிஞ்சா சும்மா ஒரு 4 பக்க டைஸ்தான். 2024இல திருத்தி வந்த டிஎம் (கதையை நடத்திற ஆள்) புத்தகம் இப்பிடியானதுகளுக்கெல்லாம் நேராவே பதில் சொல்லியிருக்கு, ரூல்ஸ் எண்டது பௌதிகமும் இல்ல பொருளாதாரமும் இல்ல எண்டு.

சரி, கோப்பிலொக். இதை விளங்கப்படுத்த நான் எப்பவும் தண்ணியத்தான் உதாரணம் சொல்லுறது. மற்ற மந்திரக்காரற்ற ஸ்பெல் ஸ்லாட் (ஒவ்வொரு மந்திரத்துக்கும் செலவழிக்கிற இருப்பு) குளம் மாதிரி, 8 மணித்தியால லோங் ரெஸ்ட் எண்ட மாரி வந்தாத்தான் நிரம்பும். வார்லொக் எண்ட மந்திரக்கார வகுப்பின்ர ஸ்லாட் கிணறு, 2ஆம் லெவல்ல இருந்து 10ஆம் லெவல் மட்டும் ரெண்டே ரெண்டுதான், ஆனா 1 மணித்தியால ஷோட் ரெஸ்ட் விட்டா ஊறிடும். சோர்சரர் எண்ட இன்னொரு மந்திரக்கார வகுப்பிட்ட ஒரு வித்தை இருக்கு, ஸ்லாட்டை உடைச்சு பொயின்ட் ஆக்கலாம், பொயின்டைச் சேர்த்துத் திரும்ப ஸ்லாட் ஆக்கலாம், 1ஆம் லெவல் ஸ்லாட் ஒண்டு செய்ய 2 பொயின்ட். 2014இல வந்த பழைய ரூல்ஸில எந்த ஸ்லாட்டை உடைக்கலாம் எண்டு பிரிச்சு எழுதேல்ல. அப்ப வார்லொக்கையும் சோர்சரரையும் ஒரே ஆளில சேர்த்தா கிணத்துத் தண்ணிய இறைச்சு இறைச்சுக் குளத்தில ஊத்தலாம். இப்பிடி உருவாக்கின ஸ்லாட் லோங் ரெஸ்ட் முடிஞ்சவுடன மறைஞ்சு போகும், அதால அந்த ஆள் லோங் ரெஸ்ட்டே எடுக்க மாட்டார், ராவிரவா முழிச்சிருந்து கோப்பி குடிக்கிற மாதிரி, பேர் வந்தது அதாலதான்.

கணக்கைப் பாருங்கோ. வார்லொக்கில 3 லெவல், சோர்சரரில 4 லெவல் எண்டு வைப்பம். ரெண்டு 2ஆம் லெவல் ஸ்லாட், உடைச்சா 4 பொயின்ட், அதில ரெண்டு 1ஆம் லெவல் ஸ்லாட். மற்றாக்கள் 8 மணித்தியாலம் படுத்து எழும்ப இவர் 8 ஷோட் ரெஸ்ட் எடுத்து 16 ஸ்லாட்டோட நிப்பார். ஒரு கிழமை சும்மா இருக்க விட்டா நூறைத் தாண்டும், புத்தகத்தில அதுக்கு எல்லை எண்டு ஒண்டும் எழுதேல்ல. இரணைமடுக் குளத்தை வாளியால நிரப்பின மாதிரி, ஆனா இது உண்மையாவே நிரம்பும்.

நான் இதை எட்டு ஞாயிறு விளையாடினன். முதல் ரெண்டு ஞாயிறும் எனக்கு நல்ல சந்தோசம். பிறகு கவனிச்சன், ஒவ்வொரு சண்டை முடியவும் நான் "ஒரு மணித்தியாலம் நிப்பம்" எண்டு கேக்கிறன், கள்ளரைத் துரத்திற நேரத்திலயும் கேக்கிறன். பேந்து கொப்பிய விரிச்சு எத்தினை ஸ்லாட் உடைச்சன் எத்தினை செய்தன் எண்டு எண்ணிக்கொண்டிருக்க மற்றாக்கள் தேத்தண்ணி ஊத்தப் போயிடுவினம். எங்கட மேசையில விஸார்ட் எண்ட மந்திரக்காரரா விளையாடுற தங்கச்சி ஒருநாள் கேட்டா, "அண்ணை, நான் நாள் முழுக்கச் சிக்கனமாச் செலவழிக்கிற ஸ்லாட்டை நீங்கள் ஒரு சண்டையில கொட்டுறியள், அப்ப நான் என்னத்துக்கு?" அவவுக்குச் சொல்ல என்னட்டப் பதில் இருக்கேல்ல. இப்பவும் இல்ல.

இதுக்கு மருந்து 2017இல வந்த ஸனதார்ஸ் கைட் எண்ட மேலதிக ரூல்ஸ் புத்தகத்தில இருக்கு, விரும்பினா எடுக்கிற ரூல். 24 மணித்தியாலம் லோங் ரெஸ்ட் இல்லாம போனா கொன்ஸ்டிடியூஷன் சேவ் (உடம்பு தாங்குமோ எண்டு டைஸ் உருட்டுறது), 10 எடுக்கவேணும், அடுத்த நாள் 15, அதுக்கடுத்தது 20, பிழைச்சா ஒரு படி களைப்பு, ஆறாம் படியில ஆள் செத்துப்போகும். நித்திரையே தேவையில்லாத வார்லொக் வரம் ஒண்டும் அதே புத்தகத்திலதான் இருக்கு, ஆனா அது நித்திரையத்தான் தவிர்க்கும், லோங் ரெஸ்ட்டைத் தவிர்க்காது. இதைப் பிழையா விளங்கிக்கொண்டுதான் கனபேர் இந்த பில்டை எடுக்கிறவை.

ஆமைப்பூட்டைப் பற்றிக் கனக்கச் சொல்ல இல்ல. பலடினும் (தெய்வ பலத்தோட சண்டை பிடிக்கிற வீரன்) வார்லொக்கும் சேர்ந்தது, வெளியில பட்லொக் எண்டுவினம், நாங்கள் ஆமைப்பூட்டு எண்டு கூப்பிடத் தொடங்கி அதே நிலைச்சிட்டுது. பலடின் வாளால அடிச்சு, பட்டது உறுதியான பிறகு ஸ்லாட்டைச் செலவழிச்சு ஸ்மைட் எண்ட மேலதிக அடி போடலாம், 1ஆம் லெவலுக்கு ரெண்டு 8 பக்க டைஸ், ஸ்லாட் ஒரு படி ஏற ஏற ஒரு டைஸ் கூடும், அஞ்சு மட்டும். கிரிட் (ஆகத் திறமான அடி) விழுந்தா டைஸ் எல்லாம் ரெண்டு மடங்கு, கிரிட் எண்டு தெரிஞ்ச பிறகே ஸ்மைட்டை முடிவெடுக்கலாம் எண்டதுதான் இதின்ர உயிர்நாடி. வார்லொக்கின்ர கிணத்து ஸ்லாட்டும் இதுக்குச் செல்லும், ஹெக்ஸ்பிளேட் எண்ட வார்லொக் கிளையை எடுத்தா வாளையும் கரிஸ்மாவாலயே வீசலாம், ஒரே குணத்தில எல்லாத்தையும் குவிக்கலாம். இதின்ர நல்ல பக்கம், மேசை நேரம் போகாது. ஷோட் ரெஸ்ட் ரெண்டோ மூண்டோ காணும், அது ஃபைட்டர், மொங்க் எண்ட வகுப்புகளுக்கும் வேண்டியதுதானே. கூடாத பக்கம், டிஎம் அக்கா மூண்டு நாள் இருந்து யோசிச்சு எழுதின பெரிய எதிரி முதல் சுற்றிலயே விழுந்து போகும். எங்களுக்கு ஒருக்கா நடந்தது, அவவின்ர முகத்தைப் பாக்க ஏலாமப் போச்சு. 2024 புத்தகத்தில இந்த ஓட்டைய அடைச்சிட்டினம், ஸ்மைட் இப்ப போனஸ் ஆக்ஷன் எண்ட சின்னச் செயலை எடுக்கிற ஸ்பெல், ஒரு முறைக்கு ஒண்டுதான்.

இனி எனக்கு ஆகப் பிடிச்சது. குட்பெரி எண்டு ட்ரூயிட் வகுப்புக்கு ஒரு சின்ன மந்திரம், ஒரு 1ஆம் லெவல் ஸ்லாட்டுக்கு 10 பழம், பழத்துக்கு 1 ஹிட் பொயின்ட் (உயிர்ப் புள்ளி), ஒரு நாள் பசியும் ஆறும். லைஃப் க்ளெரிக் எண்ட பூசகர் வகுப்பின்ர முதல் லெவல் வரம், குணமாக்கிற மந்திரத்துக்கு 2ஓட ஸ்லாட் லெவலைக் கூட்டிக் குடுக்கிறது. ரெண்டையும் ஒரே ஆளில வைச்சா ஒவ்வொரு பழமும் 4, பத்துப் பழமும் 40. இது சரிதான் எண்டு ரூல்ஸ் எழுதினாக்களே பதில் குடுத்திருக்கினம். அதே ஸ்லாட்டில கியூர் வூண்ட்ஸ் எண்ட காயம் மாத்திற மந்திரம் போட்டா, அந்த வரத்தையும் சேர்த்தே, பத்துப் பதினொண்டுதான் வரும். ரெண்டு வகுப்புக்கும் விஸ்டம் எண்ட குணம் 13 இருந்தாக் காணும்.

எங்கட டிஎம் அக்கா இதைப் பாலைப்பழம் ஆக்கிட்டா. ஒட்டுசுட்டான் பக்கம் சீசனுக்குக் காட்டில பிடுங்கித் தின்ற பழம், பால் சொண்டில ஒட்டிக்கொண்டு விடாதே, அந்தப் பழம்தான் எங்கட உலகத்தில காயம் மாத்தும். படுக்கப் போக முதல் மிச்ச ஸ்லாட்டெல்லாம் பழமாக்கி வைப்பன், 24 மணித்தியாலம் நிக்கும், விடிய எல்லாற்ற பையிலயும் அஞ்சாறு போட்டுவிடுவன். பிறகு எவர் எப்ப தின்னுறது எண்டது அவரவற்ற விருப்பம், என்னட்டக் கேக்கவே தேவையில்ல. சண்டை முடிஞ்சா ரெண்டு நிமிசத்தில எல்லாரும் எழும்பி நடப்பினம். மயங்கிக் கிடக்கிற ஆளுக்கு ஊட்டலாமோ எண்டு ரூல்ஸில தெளிவா இல்ல, அக்கா ஓம் எண்டிட்டா.

குறை இருக்கு. 2ஆம் 3ஆம் லெவல்ல 40 எண்டது பெரிய நம்பர், சண்டையில பயம் குறையும். சாப்பாடு தட்டுப்படுற மாதிரிக் கதை நடத்த நினைக்கிற டிஎம்முக்கு இந்தப் பழம் பெரிய இடைஞ்சல். எங்கட மேசையில ரெண்டு பேர் தொடக்கத்திலயே சொன்னவை, சாப்பாடில்லாம நடக்கிற கதை மட்டும் வேண்டாம் எண்டு. ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதால எங்களுக்கு அது குறையாத் தெரியேல்ல. 2024 ரூல்ஸில அந்த வரம் மந்திரம் போடுற முறைக்குள்ள குணமாகிறதுக்குத்தான் கூட்டிக் குடுக்கும், பையில போட்டு வைச்சா பழம் திரும்ப 1தான், அதால நாங்கள் 2014 புத்தகத்திலயே நிக்கிறம்.

அப்ப பெடியளுக்கு நான் சொன்னது: பாலைப்பழம் முதல், ஆமைப்பூட்டு டிஎம்மிட்டக் கேட்டுப்போட்டு, கோப்பிலொக் எண்டா ஸனதார் களைப்பு ரூலோட மட்டும். புதுக்குடியிருப்புத் தம்பி பழத்தை எடுத்திட்டான். மாங்குளத்தான் இன்னும் கோப்பிலொக்கிலதான் நிக்கிறான், விஸார்ட் தங்கச்சியோட தானே இருந்து கதைக்கிறன் எண்டவன், அவ ஓம் எண்டா வாற ஞாயிறு தொடங்குவம்.