கார விட்டுட்டு ஊட்டி போனோம்: மலை ரயில், லாட்ஜ், அரசு பஸ் எல்லாத்துக்கும் சேத்து ஒரு ரிவ்யூ

நாங்க திருப்பூருங்க, ஊட்டின்னா எங்களுக்கு பெரிய டூர் எல்லாம் இல்ல, வெயில் தாங்கலைன்னா வண்டிய எடுத்துட்டு ஓடற எடம். முந்தின மே மாசம் அப்படித்தான் கார்ல கெளம்புனோம், கல்லாறு தாண்டுனதும் வரிசை நின்னுருச்சு, பர்லியார் வர்றதுக்குள்ள பாப்பா ரெண்டு தடவ வாந்தி, குன்னூர் போய் சேர்றப்ப மத்தியான சோத்து நேரமே முடிஞ்சுபோச்சு. அன்னிக்கே வீட்டம்மா சொல்லிட்டாங்க, இனி இந்த ரோட்டுல சீசன்ல கார் எடுத்தா நான் வரல, நீங்களே போய்க்கங்கன்னு. அதனால இந்த தடவ மலை ரயில். அம்மா, வீட்டம்மா, பாப்பா, நான், மொத்தம் நாலு பேரு.

மொதல்ல டிக்கெட். 60 நாளு முன்னாடி புக்கிங் தெறக்கும், தெறந்த அன்னிக்கு காலைலயே ஒக்காந்துரணும், சீசன்ல அதுக்கப்பறம் பாத்தா வெயிட்டிங்தான். மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு வண்டி, நாங்க வெடிகாலைலயே போயிட்டோம். சென்னையில இருந்து வர்றவங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்கி அப்படியே இதுல ஏறிக்கலாம்.

இப்ப வண்டிய பத்தி. 46 கிலோமீட்டர் போக கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், இத கேட்டுட்டு எங்க மச்சான் சிரிச்சான், சைக்கிள்லயே போயிரலாமேன்னு. போய் பாத்தாத்தான் தெரியும். எஞ்சின் முன்னாடி இருக்காது, பின்னாடி நின்னு பெட்டிய மேல தள்ளிட்டு வரும். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச பட்டை ரெண்டு போட்டிருக்காங்க, எஞ்சினுக்கு அடில இருக்கற பல்சக்கரம் அதுகள கடிச்சு கடிச்சு ஏறுது, ஏன்னா ஏத்தம் அப்படி, 12 அடி போனா ஒரு அடி மேல ஏறுது. சாதா சக்கரம்னா வழுக்கிட்டு கீழ வந்துரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேன் வெளிய கொடியோட நிக்கறாரு, பாப்பா அவருக்கு டாட்டா காட்டியே கை வலிச்சுருச்சு. 16 குகை, ஒவ்வொண்ணுக்கும் பெட்டியில இருக்கற அத்தன பேரும் ஓன்னு கத்தறாங்க, அம்மாவும் கத்துனாங்க, நான் இதுக்கு முன்னாடி அவங்க கத்தி கேட்டது ரேஷன் கடையிலதான்.

ஹில்குரோவ்ல எஞ்சினுக்கு தண்ணி புடிக்க நிக்கும், எறங்கி டீ வட சாப்பிடலாம், கொரங்கு ஜாஸ்தி, கைல பொட்டலம் வெச்சுட்டு போட்டோ எடுக்காதீங்க. வண்டிக்குள்ள டாய்லெட் கெடையாது, இப்படி நிக்கற எடத்துல பெரியவங்கள கூட்டிட்டு போயிட்டு வந்துருங்க. குன்னூர்ல நீராவி எஞ்சின கழட்டிட்டு டீசல் மாட்டிருவாங்க, அப்பறம் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு ஜாலியா போகும், கேத்தி பள்ளத்தாக்குல கேரட் தோட்டம் படி படியா தெரியும். 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் போட்ட லைன் இது, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அந்த காலத்து எஞ்சின் சுவிட்சர்லாந்துல செஞ்சது, இப்ப திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புலயே புதுசா செய்யறாங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். ரயிலுக்கு அஞ்சுக்கு அஞ்சு.

லாட்ஜுக்கு வருவோம். பேரு சொல்ல வேண்டாம், ஊட்டில இருந்து கொஞ்சம் தள்ளி, வேலி வியூ காட்டேஜ்னு போட்டிருந்தாங்க. ஜன்னல தெறந்தா வியூ இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அந்த வியூல பாதிய புதுசா கட்டிட்டு இருக்கற இன்னொரு காட்டேஜோட பில்லர் மறைக்குது, அதுல தங்கப்போறவங்களுக்கு எங்க ஜன்னல்தான் வியூ போல. ரூம் சுத்தம், ஹீட்டர் ஓடுச்சு, சாப்பாடு சுமார். பிரச்சனை தண்ணி. காலைல எட்டு மணிக்கு மேல பாத்ரூம்ல காத்துதான் வந்துச்சு. கேட்டா "டேங்கர் வரணும் சார், சீசன் இல்லீங்களா"ன்னு கூலா சொல்றாங்க. டேங்கர் வந்து மோட்டார் போட்டு தண்ணி ஏற பதினொண்ணு ஆயிருச்சு. மழைக்கு பேரு போன மலையில லாரித் தண்ணிக்கு காத்துட்டு ஒக்காந்திருக்கோம், காசும் நாமதான் குடுத்திருக்கோம். ரெண்டு ஸ்டார், அதுவும் ஹீட்டருக்காக.

சும்மா ஒக்காந்திருந்தா புத்தி எங்கெங்கயோ போகும் இல்லீங்களா, எனக்கு அன்னிக்கு இந்த தண்ணி மேட்டர்லயே போச்சு. ஊட்டி டவுனுக்கு முக்கியமா பார்சன்ஸ் வேலி அணையில இருந்து தண்ணி வருது, ஊர் ஜனத்துக்கு அது, மே மாசம் மேல ஏறி வர்ற நம்ம கூட்டத்துக்கும் அதேதான். அந்த மலைல முன்னாடி புல்வெளியும் நடுநடுவுல சோலைக்காடுமா இருந்திருக்கு, மழைத் தண்ணிய பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சு கொஞ்சங்கொஞ்சமா ஓடைக்கு விடும். அங்கத்த பழங்குடியான தோடர்கள் எருமை மேச்ச எடம் அதெல்லாம். வெள்ளக்காரன் வந்து தைல மரம், சீகை மரம்னு நட்டு, அப்பறமும் நட்டு, இப்ப ஊட்டி வாசனைன்னு நாம நெனைக்கற தைல மர வாசனையே அந்த ஊருக்கு சொந்தமில்ல. ஏரியும் அப்படித்தான், 1820கள்ல கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் வெட்டுனது, இன்னும் பெருசா இருந்திருக்கு, இப்ப நாம எறங்கற பஸ் ஸ்டாண்ட், குதிரை ரேஸ் மைதானம் எல்லாம் ஒரு காலத்துல ஏரி. சென்னை வெயில் தாங்காம துரைமார் ஓடி வந்து கட்டுன ஊரு, இப்ப நாம ஓடறோம், அவங்களாவது வெயில் காலத்துக்கு அரசாங்க ஆபீஸையும் சேத்து தூக்கிட்டு வந்தாங்க.

இதுல எங்களுக்கு ஒரு சொந்த கணக்கும் இருக்கு. திருப்பூருக்கு வர்ற குடிதண்ணில ஒரு பங்கு மேட்டுப்பாளையத்துல பவானி ஆத்துல இருந்து வருது. குன்னூர் ஆறு, கல்லாறுன்னு ரயில் பக்கத்துலயே ஓடுதே, அதெல்லாம் கீழ வந்து பவானில சேருது. நான் மேல ஒரு வாளி சோப்புத் தண்ணி ஊத்துனா, அது சுத்தி வந்து எங்க வீட்டு கொழாய்க்குத்தான் வரும். அம்மாகிட்ட சொன்னேன், "அப்ப குளிக்காம இரு"ன்னுட்டாங்க.

இ-பாஸ், அதான் வண்டி மலை ஏறறதுக்கு வாங்கற அனுமதி, அத பத்தி நெறய பேரு கேப்பீங்க. அரசு பஸ்ஸுலயோ ரயில்லயோ போனா தேவையில்ல, எங்களுக்கு அந்த தலைவலி இல்ல. சொந்த வண்டின்னா ஆன்லைன்ல பதிவு பண்ணணும், காசு கெடையாது. 2024 மே 7ல இருந்து இருக்கு, சீசன்ல ஒரு நாளைக்கு 20,000 வண்டி வரைக்கும் ஏறுதுன்னு கணக்கு வந்ததும் ஹைகோர்ட் போட்ட உத்தரவு. மொத வருஷம் யார் கேட்டாலும் குடுத்தாங்க, 2025 சீசனுக்குத்தான் வார நாள் 6,000, சனி ஞாயிறு 8,000ன்னு வரம்பு வெச்சாங்க. அதுக்கு எதிர்ப்பா அங்க கடையடைப்பே நடந்துச்சு. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் வர்க்கி பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்ட கடை அக்காகிட்ட வாயக் கொடுத்தேன், நானும் கடைய சாத்துனேன்னாங்க, ஆனா "கார்ல வர்றவங்க பார்க்கிங் தேடியே போயிடறாங்க தம்பி, என் கடைல நின்னு டீ குடிக்கறது பஸ்ல வர்றவங்கதான்"னும் சொன்னாங்க. ரெண்டும் ஒரே வாய்ல. என்னைக் கேட்டா வரம்பு சரிதான், ஆனா அதோட பஸ்ஸ கூட்டாம விட்டா சரி வராது. கார்காரன் வேற நாள் பாத்துக்குவான், கடைக்காரங்களுக்கு அந்த நாள் வியாபாரம் போனது போனதுதான். வர்க்கிக்கு நாலு ஸ்டார், டீல முக்கி சாப்பிடணும், தனியா கடிச்சா பல்லு ஜாக்கிரதை.

தண்ணி பாட்டில் கொண்டு போகாதீங்க, சின்ன பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் மாவட்டத்துலயே தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கங்க, அங்கங்க தண்ணி ஏடிஎம் இருக்கு, நாங்க அதுலதான் ரொப்பிக்கிட்டோம். டாஸ்மாக் பாட்டில திருப்பிக் குடுத்தா பத்து ரூபா திரும்ப வாங்கற திட்டம் மொதல்ல ஆரம்பிச்சதும் நீலகிரிலதான்.

உள்ளூர் சுத்தறதுக்கு அரசு பஸ்ஸே போதும், தொட்டபெட்டாவுக்கு மட்டும் ஆட்டோ. திரும்பி வர்றப்ப கோத்தகிரி வழி பஸ், ஜன்னல் சீட்டு, ரோட்டுல போற கார் வரிசைய எண்ணிட்டே வந்தா பாப்பா, எழுபதோட தூங்கிட்டா, வாந்தி எடுக்கல. பஸ்ஸுக்கு நாலரை, அந்த அரை டிரைவர் போட்ட பாட்டு சத்தத்துக்காக கொறச்சது.

டிசம்பருக்கு மறுபடியும் போலாம்னு வீட்டம்மாவே சொல்லிட்டாங்க, ரயில்லதான். லாட்ஜ் மட்டும் இன்னும் முடிவு பண்ணல, டேங்கர் எதிர்பாக்காத, மழைத் தண்ணி சேத்து வெக்கற எடம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க, வியூ இல்லன்னாலும் பரவால்ல.