எலாஸ்டிக்சர்ச்சில் "என் புத்தகம் எத்தனையாவது?": சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பழைய புத்தகம் விற்பவர்கள் பட்டியல் போடும் தளம் ஒன்றின் தேடலை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி மென்பொருளில் ஓட்டுகிறோம். 5-ம் பதிப்புக் காலத்தில் தொடங்கி இப்போது 8-க்கு வந்தாயிற்று. அதன் வேகம், எழுத்துப்பிழையைத் தாங்கும் தேடல் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது, விற்பவர்கள் ஓயாமல் கேட்கும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றி: "என் புத்தகம் ரிசல்ட்டில் எத்தனையாவதா வருது?" அட்மின் பக்கத்திலும் இதே தேவை உண்டு. ஒரு பதிவைத் திருத்திச் சேமித்ததும், பட்டியலில் அது இருக்கிற பக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

இதற்கென்று தனி ஏபிஐ (நிரல் வழி அழைப்பு) இல்லை. சோலர் என்ற இன்னொரு தேடுபொறிக்கு மாறினாலும் கிடைக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் அடியில் இருப்பது லூசீன் என்ற ஒரே தேடல் நிரல்தொகுப்புதான். முதல் 20 வேண்டும் என்று கேட்டால் லூசீன் 20 பேர் உட்காரும் ஒரு ஹீப்பை வைத்துக்கொண்டு, அதில் இடம் பிடிக்க முடியாதவற்றைக் கழித்துக்கொண்டே போகும். கழிந்தவற்றுக்குள் யார் முன், யார் பின் என்று அது பார்ப்பதே இல்லை. ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் ஸெட்ரேங்க் கட்டளை சட்டென்று இடத்தைச் சொல்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஸ்கிப் லிஸ்ட் என்ற, தாவித் தாவிப் போகும் பட்டியலின் ஒவ்வொரு தாவலிலும் எத்தனை பேரைத் தாண்டுகிறோம் என்பது சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. தேடுபொறியில் கேள்விக்குக் கேள்வி வரிசை மாறுவதால் அப்படி முன்கூட்டி எழுதி வைக்க வழியில்லை.

பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஃப்ரமும் (எங்கிருந்து) சைஸும் (எத்தனை) சேர்ந்து 10,000-ஐத் தாண்டினால் பிழைச்செய்தி வரும். அந்த வரம்பை ஏற்றி வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு ஷார்டும் (பதிவுகள் பிரித்து வைக்கப்பட்ட துண்டு) அத்தனை பதிவுகளையும் வரிசைப்படுத்தி மெமரியில் பிடித்துவைக்க வேண்டியிருக்கும். கடைசியாக வந்த பதிவுக்கு அடுத்ததிலிருந்து தொடரும் சர்ச் ஆஃப்டர் வழியாகப் போனால் வரம்பு தொல்லை செய்யாது. ஆனால் ஒரு எண்ணுக்காக ஆயிரக்கணக்கான பதிவுகளை இழுத்துப்போடுவது வீண் வேலை.

நிலைத்தது எண்ணும் வழிதான். விலை ஏறுவரிசையில் ஒரு 250 ரூபாய்ப் புத்தகத்தின் இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே தேடல், அதே வடிகட்டிகள். கூடவே விலை 250-க்குக் குறைவு என்று ஒரு ரேஞ்ச் நிபந்தனை. அதை எண்ணிக்கையை மட்டும் தரும் கவுன்ட் ஏபிஐக்கு அனுப்பினால் 1,312 என்று வருகிறது. அதே 250 ரூபாயில் வேறு புத்தகங்களும் இருக்குமே? அவற்றில் பதிவு எண் இதைவிடச் சிறியவை 17. ஆக இது 1,330-வது. பக்கத்துக்கு 20 என்றால் 67-ம் பக்கத்தில் பத்தாவது. இரண்டு நிபந்தனைகளையும் பூல் ஷுட்டில் (இதுவோ அதுவோ பொருந்தினால் போதும் என்பது) போட்டால் ஒரே அழைப்பில் முடிந்துவிடும். எண் புலங்களில் ரேஞ்ச் மிக வேகம், ஸ்கோர் (பொருத்த மதிப்பெண்) கணக்கிடும் வேலையும் இல்லை. இதில் இதுவரை குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சில நுணுக்கங்கள் மட்டும் உண்டு. ஒரே விலையில் வரும் சமநிலையை உடைக்க _ஐடி (பதிவின் அடையாளம்) புலத்தை நம்பக்கூடாது, அதில் ரேஞ்ச் கேள்வியே ஓடாது. அதே மதிப்பைத் தனிப் புலமாக எழுதி, சார்ட்டிலும் கடைசிச் சாவியாகச் சேர்த்துவிட வேண்டும். விலையே போடாத பதிவுகள் இயல்பில் வரிசையின் கடைசிக்குப் போகும், ரேஞ்சிலும் சிக்காது. அதனால் கணக்கு சரியாக வரும். மிஸ்ஸிங்கை முதலில் வை என்று மாற்றியிருந்தால் அந்த எண்ணிக்கையைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். கவுன்ட்டுக்குப் பதில் சாதாரண சர்ச்சில் மொத்தத்தைப் படிப்பவர்கள் ட்ராக் டோட்டல் ஹிட்ஸை ட்ரூ என்று வைக்கவும். 7.0-லிருந்து இயல்பில் மொத்தம் 10,000 வரைதான் துல்லியம், அதற்கு மேல் "இவ்வளவுக்குக் குறையாது" என்றுதான் பதில் வரும்.

தலைப்பு வரிசைக்குத் தனி எச்சரிக்கை. கீவேர்ட் புலம் (சொற்களாக உடைக்காமல் முழுதாக வைப்பது) யூனிகோட் வரிசையில்தான் ஒப்பிடும். அதில் ன, ந-வை ஒட்டி வரும். ழ, வ-வுக்கு முன்னால் வரும். புள்ளி வைத்த க், கௌ-வுக்கும் பின்னால் போய்விடும். அகராதி வரிசை வேண்டுமானால் மொழிக்கேற்ற வரிசை தரும் ஐசியு கொலேஷன் புலத்தைத் தமிழுக்கு அமைக்க வேண்டும். எந்தப் புலத்தில் வரிசைப்படுத்துகிறோமோ அதே புலத்தில்தான் எண்ணவும் வேண்டும்.

இத்தனையும் புல வரிசைக்கு. பொருத்தம் வாரியான வரிசைக்கு வந்தால் கதையே வேறு. விற்பவர்கள் கேட்பதோ பெரும்பாலும் அதைத்தான்! முறை என்னவோ எளிது: அதே தேடலில் அந்த ஒரு பதிவை மட்டும் ஃபில்டரில் வைத்து ஸ்கோரை எடு, ஃபில்டர் ஸ்கோரைத் தொடாது, பிறகு அந்த ஸ்கோரை மின் ஸ்கோராக (குறைந்தபட்ச ஸ்கோர்) கொடுத்து எண்ணு. மின் ஸ்கோருக்குச் சமமானவையும் சேர்ந்து வரும் என்பதால் கிடைப்பது "இதற்குக் கீழே போகாது" என்கிற எண்தான். சரியான இடம் பட்டியலில் அதற்கு மேலேயும் இருக்கலாம்.

ஆனால் அந்த ஸ்கோரே ஓரிடத்தில் நிற்பதில்லை. ஸ்கோர் போடும் பிஎம்25 கணக்கில் ஒரு சொல் எத்தனை பதிவுகளில் வருகிறது என்பது ஷார்டுக்கு ஷார்ட் தனித்தனியாக எண்ணப்படுகிறது. எல்லா ஷார்டுகளின் எண்ணிக்கையையும் முதலில் திரட்டும் டிஎஃப்எஸ் வகைத் தேடல் அதைச் சரிசெய்யும், ஆனால் ஒரு சுற்று கூடுதல். போதாததற்கு ரெப்ளிகா, அதாவது ஷார்டின் நகல். அழித்த பதிவுகள் செக்மென்ட் மெர்ஜ் ஆகும்வரை (சேமிப்புத் துண்டுகள் ஒன்றாகும்வரை) புள்ளிவிவரத்தில் உட்கார்ந்திருக்கும். பிரைமரியும் (மூலப் பிரதி) ரெப்ளிகாவும் வெவ்வேறு நேரத்தில் மெர்ஜ் ஆவதால், ஒரே தேடலை இரண்டு முறை கேட்டால் ஸ்கோரின் தசமங்கள் மாறும். ஸ்கோர்கள் நெருங்கிக் கிடக்கும் நடுப்பகுதியில் அந்தச் சின்ன அசைவே பல இடங்களைத் தள்ளிவிடப் போதும். எந்தப் பிரதியைக் கேட்பது என்று சொல்லும் பிரிஃபரன்ஸில் பயனரின் செஷன் எண்ணைக் கொடுத்து இரண்டு அழைப்பும் ஒரே பிரதிக்குப் போகும்படி செய்திருக்கிறோம். 7.0-ல் இயல்பான ஷார்ட் எண்ணிக்கை 5-லிருந்து 1 ஆனதும், சிறிய இன்டெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பாதி குறைந்தது.

அட்மின் பட்டியல், விலை வரிசை, தேதி வரிசை எல்லாவற்றுக்கும் எண்ணும் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். சார்ட் சாவிகள் மூன்று நான்கு என்று கூடும்போது நிபந்தனைகளைக் கையால் எழுதாமல், சார்ட் பட்டியலிலிருந்து தானாக உருவாக்கும் சின்னச் செயற்கூறு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பொருத்த வரிசையில் மட்டும் "நீங்கள் 1,330-வது" என்று யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் திரையில் முதல் பக்கம், முதல் ஐந்து பக்கம், அதற்கும் பின்னால் என்று மூன்றே நிலைதான். "துல்லியமா ஒரு நம்பர் குடுங்க சார்" என்று இன்னமும் சில விற்பனையாளர்கள் போன் செய்கிறார்கள்.