ஊசி போடும் சாரதியும் கனரக லைசன்சும்: மூன்று நாடுகளின் சட்டம், எங்கள் ஏ6 வீதி

"ஊசி தொடங்கினால் லைசன்ஸ் போச்சு" என்ற பேச்சு திருகோணமலையில் லொறி, பஸ் ஓட்டுகிறவர்களிடம் நன்றாக ஊறிக்கிடக்கிறது. சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் இன்சுலின் ஊசி எழுதப் போனால், "இன்னும் ஒரு மாசம் குளிசையிலயே பாப்பம் டொக்டர்" என்று கெஞ்சித் தள்ளிப்போடுவார்கள். இரத்தத்தில் சீனி முந்நூறில் நிற்கும். இரவில் எதிரே வரும் வெளிச்சம் கலங்கித் தெரியும். ஊசி இல்லை என்ற ஒரே நிம்மதியில் வண்டி ஓடும்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. பிரித்தானியாவில் 2011 நவம்பர் 15 வரை இன்சுலின் பாவிப்பவர்கள் பெரிய லொறியையும் பஸ்ஸையும் தொடமுடியாது. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் லொறி ஓட்ட வேண்டுமென்றால், 2018 நவம்பரில் புது விதி வரும்வரை மத்திய அரசிடம் தனியாக விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு நாடுகளும் ஆளை ஆளாகப் பார்த்து அனுமதிக்கின்றன. பார்க்கிற விதம்தான் வேறு: பிரித்தானியா சீனி பார்க்கிற மீற்றரை நம்புகிறது, அமெரிக்கா வைத்தியரை நம்புகிறது.

பிரித்தானிய விதி சாரதியின் ஆசனத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். வண்டி எடுப்பதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் சீனியை அளந்து பார்க்க வேண்டும். ஓடும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம். ஓட்டமில்லாத நாளிலும் குறைந்தது இரண்டுதரம். அளவுகளைக் கொப்பியில் எழுதிக் காட்டினால் போதாது, மீற்றரின் நினைவகத்திலேயே இருக்க வேண்டும். ஐந்து மில்லிமோலுக்கு, அதாவது எங்கள் கிளினிக் கணக்கில் 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்டலாம். நான்கோ அதற்குக் கீழோ, அதாவது 72க்கு இறங்கினால் ஓட்டவே கூடாது. வழியில் சீனி இறங்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கழற்றி, ஓட்டுகிற ஆசனத்தை விட்டு விலகி, இனிப்பு ஏதும் எடுக்க வேண்டும். அளவு பழைய நிலைக்கு வந்த பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

லண்டன் மோட்டர்வேயை நினைத்து எழுதின விதி இது, திருகோணமலையிலிருந்து கொழும்புப் பக்கம் போகிற எங்கள் ஏ6 வீதியில், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இராத்திரி யானை நிற்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அந்தத் துண்டில் நிறுத்தி இறங்குவது இன்னொரு ஆபத்து. ஆகவே காட்டுக்குள் போவதற்கு முன்னரே, கந்தளாயில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது விரலில் குத்திப் பார்த்துவிடுவதுதான் புத்தி. மீன் லொறி பேலியகொடைக்குப் போகிறதென்றால் அடுத்தது தம்புள்ளை, பிறகு குருநாகல், பிறகு வரக்காப்பொல. இவையெல்லாம் சாரதிமார் எப்படியும் நிறுத்துகிற இடங்கள்தான். ஆகவே இரண்டு மணித்தியால விதி எங்கள் வீதியில் நேரத்தைத் தின்னாது.

காசைத் தின்னும். புறப்பட முன் ஒன்று, வழியில் நான்கு என்று ஒரு ஓட்டத்துக்கு மீற்றரில் செருகுகிற ஸ்ட்ரிப் ஐந்து. வீட்டில் சும்மா இருந்தாலே ஐம்பது கொண்ட பெட்டி 25 நாளில் முடிந்துவிடும். இன்சுலினை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக எடுக்கலாம், ஸ்ட்ரிப் பெரும்பாலும் கைக்காசு.

அமெரிக்க முறையில் இந்தச் செலவும் இழுபறியும் குறைவு. இன்சுலின் எழுதித் தருகிற வைத்தியர் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைக்கிறார். 45 நாளுக்குள் அது மருத்துவப் பரிசோதகரின் கைக்குப் போக வேண்டும். கடைசி மூன்று மாத அளவுகளைக் காட்டினால் ஒரு வருடம் வரைக்கும் சான்றிதழ் கிடைக்கும். விசேட வைத்தியர்தான் கையெழுத்து வைக்க வேண்டும் என்றில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ இருக்கிற ஒருவருக்கு, தன்னை மாதாமாதம் பார்க்கிற டொக்டரே போதும் என்பது பெரிய ஆறுதலாக இருக்கும். பிரித்தானியா வருடாவருடம் சுயாதீனமான நீரிழிவு விசேட வைத்தியரிடம் அனுப்பிவிடும்.

ஆனால் அமெரிக்காவில் கண் விடயத்தில் தப்பமுடியாது. விழித்திரையில் புது இரத்தக் குழாய்கள் முளைக்கும் கட்டமோ, அதற்கு முந்திய கடுமையான கட்டமோ வந்தால், அந்த விதியின்படி நிரந்தரத் தகுதியிழப்பு. ஊசிக்குப் பயந்து முந்நூறில் ஓடுகிறவர்கள் இந்த வரியை இரண்டுதரம் வாசிக்க வேண்டும். லைசன்சைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதைக் கெடுப்பதே அந்த முந்நூறுதான்.

அவுஸ்திரேலியாவையும் சேர்த்து மூன்று நாடுகளும் எங்கே பிரிகின்றன என்று தெரிய வேண்டுமானால், சீனி படுமோசமாக இறங்கி இன்னொருவர் உதவி தேவைப்பட்ட ஒருவரை எடுத்துப் பாருங்கள். பிரித்தானியாவில் கனரக லைசன்சுக்கு அப்படி ஒன்று நடந்து 12 மாதம் கழிய வேண்டும், தூக்கத்தில் நடந்தாலும் அதே கணக்கு. அவுஸ்திரேலியாவில் பொதுவாகக் குறைந்தது ஆறு வாரம், அதோடு விசேட வைத்தியரின் அபிப்பிராயமும் வருடாந்தப் பரிசோதனையும். அமெரிக்காவில் நாள் கணக்கு இல்லை, சிகிச்சை தருகிற வைத்தியர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஓட்டக்கூடாது. பன்னிரண்டு மாதம் கடுமைதான். சம்பளம் போகும் என்றால் மனிதன் நடந்ததை மறைப்பான். ஆறு வாரம் என்றால் சொல்லிவிடுவான் என்று நினைக்கிறேன். இந்த ஒரு விடயத்தில் அவுஸ்திரேலியா பக்கம்தான் நான்.

மற்றபடி எனக்குப் பிரித்தானிய முறையே மேல். சீனி கிளினிக்கில் இறங்குவதில்லை, மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டுவிட்டு இரவு ஒரு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதுதான் இறங்குகிறது. மூன்று மாதக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு உதவாது.

குளிசைக்காரர்களுக்கும் ஒன்று. மெட்போமின் மட்டும் என்றால் சீனி அவ்வளவாக இறங்காது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் இறக்கும். அமெரிக்கப் படிவம் இன்சுலின்காரருக்கு மட்டும். பிரித்தானியாவோ இந்தக் குளிசை போடும் லொறி, பஸ் சாரதியையும் நாளுக்குக் குறைந்தது இரண்டுதரம் சீனி பார்க்கச் சொல்கிறது. லண்டனில் பஸ் ஓட்டப் போக நினைக்கிற பிள்ளைகள் கிளிக்கிளசைட் போடுகிறவர்களாக இருந்தால், நினைவகம் உள்ள மீற்றரை இங்கேயே பழகிக்கொள்ளட்டும்.

எங்கள் கனரக அனுமதிப்பத்திரம் நான்கு வருடத்துக்கு. அதற்கான மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் எடுக்கிறோம். மேலே சொன்ன மூன்று நாடுகளும் ஊசிக்காரரை வருடாவருடம் பார்க்கின்றன. இடையில் வருகிற மூன்று வருடங்களிலும் கண் பரிசோதனையை விடாமல் செய்து, மீற்றரைக் கிளினிக்குக்குக் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டலாம். கூடவே வருகிற கிளீனருக்கு, குளுக்கோஸ் பக்கற் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.