கஃபூரும் கபூரும்: மண்ணடியில் கிடைக்கும் ஒரு துஆ கையேடு

மண்ணடி அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் தொப்பி, அத்தர், தஸ்பீஹ் மணி விற்கும் கடைகளில் கல்லாவை ஒட்டியே அடுக்கி வைத்திருக்கிறார்கள், பாவமன்னிப்பு துஆக்களுக்கென்றே (பிரார்த்தனைகளுக்கென்றே) ஒரு கையேடு. 40 ரூபாய். சட்டைப்பைக்குள் அடங்கும். ஒவ்வொரு துஆவுக்கும் மூன்று வரி: அரபு, தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, பொருள்.

தொகுப்பில் குறையில்லை. தொழுகை போகும் வரிசையிலேயே துஆக்களும் வருகின்றன. குனியும் ருகூஉக்கும் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்கும் ‘ஸுப்ஹானகல்லாஹும்ம ரப்பனா வபிஹம்திக, அல்லாஹும்மக்ஃபிர்லீ’. தொழுகை முடிவில் சலாம் கொடுக்கும் முன், நபித்தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த துஆ. சலாம் கொடுத்ததும் ‘அஸ்தக்ஃபிருல்லாஹ்’ (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன்) 3 தடவை. 33 தடவை ஓதும் தஸ்பீஹ் (இறைத்துதி) அடுத்த பக்கத்தில் தனியாக இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. சலாம் கொடுத்த கையோடு மணியை உருட்டத் தொடங்கி இந்த மூன்றை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். காலை, மாலைக்கு ஸய்யிதுல் இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்பு துஆக்களில் தலையானது) முழுதாக இருக்கிறது.

சிக்கல் அந்த இரண்டாவது வரியில்தான், அதுவும் மன்னிப்பு என்ற சொல்லிலேயே. கஃபர என்றால் மன்னித்தான். அதன் முதலெழுத்து ‘ஃகைன்’. அதே இடத்தில் ‘காஃப்’ வந்தால் நன்றி மறந்தான், நிராகரித்தான் என்றாகிவிடும். அல்லாஹ்வின் திருநாமம் கஃபூர், மிக மன்னிப்பவன். காஃப் போட்டால் நன்றிகெட்டவன். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘க’. கையேடு அடிக்கோடோ குறியோ இல்லாமல் ‘அஸ்தக்பிருல்லாஹ்’ என்று அச்சடித்திருக்கிறது. தமிழ் தெரிந்தவர் அதைப் பார்த்தபடியே படித்தால் ‘பக்கம்’ என்பதில் வரும் வல்லின ‘க்’ தான் வாயில் வரும். ஃகைன் தொண்டையின் மேல்பகுதியில், தண்ணீரைக் கொப்புளிக்கும்போது எழும் அந்த அதிர்வோடு வரவேண்டும். அடுத்து வரும் ‘ப’வும் அப்படித்தான். அது அரபு ‘ஃபே’, மேல்பல் கீழுதட்டில் படவேண்டும். எங்கள் முன்னோர் அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதியபோது தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புது வடிவங்களே உண்டாக்கினார்கள். இங்கே ஒரு புள்ளி கூடவா வைக்க முடியாது?

அரபு வரியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றால் அதிலும் எழுத்து பொடி. ‘அஸ்தக்ஃபிர்’ என்ற சொல்லில் ஃகைனும் ஃபேயும் அடுத்தடுத்து, நடு எழுத்தாக வருகின்றன. இரண்டுக்கும் சிறிய வளையம், தலையில் ஒரு புள்ளி. மை அப்பி வளையம் அடைந்துவிட்டதால் எது எதுவென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு சுஜூதுக்கு நடுவில் ஓதுவதை ‘ரப்பி இக்ஃபிர்லீ’ என்று பிரித்துப் போட்டிருப்பதும் தவறு. சேர்த்து ஓதும்போது அந்த ‘இ’ விழுந்துவிடும். ‘ரப்பிக்ஃபிர்லீ’ என்பதே சரி. ‘லீ’ நெடில், அதையும் குறுக்கக் கூடாது. தொடர்ந்து ‘வர்ஹம்னீ, வஜ்புர்னீ’ என்று நீள்கிற துஆவையே கையேடு தருகிறது. ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) இமாம் நடு இருப்பைச் சுருக்கினால் அது முடியாது, பாதியில் தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’) கேட்டுவிடும். அப்போது ‘ரப்பிக்ஃபிர்லீ’ மட்டும் ஓதினால் போதும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கடைசிப் பக்கத்தில் தவ்பாவின் (பாவத்திலிருந்து மீள்வதன்) நிபந்தனைகள்: பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது. நான்காவதான அடியார்களின் உரிமை, அதாவது பிறருக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது, அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. கூலிப் பாக்கியும் கைமாற்றும் வைத்திருப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ஆயிரம் இஸ்திக்ஃபார் ஓதினாலும் அந்தக் கணக்கு அப்படியே நிற்கும்.

அரபு ஓதத் தெரிந்து, வரிசையும் பொருளும் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். மத்ரஸாவில் இப்போதுதான் அலிஃப், பே தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டாம். வாங்கியவர்கள் அதிகாலை சுபுஹுக்குப் பிறகு பள்ளிவாசலில் ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) முன் உட்கார்ந்து இந்த நாலைந்து துஆக்களை வாய்விட்டு ஓதிக் காட்டுங்கள். திருத்தங்களை பென்சிலால் அந்த இரண்டாவது வரியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.