புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருடன் ஒரு சிறிய சப்வூஃபர்: நெடுநாள் அனுபவம்

அலமாரியில் வைக்கும் அளவுள்ள கேஇஎஃப் க்யூ150 ஸ்பீக்கர்களுடன், தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பும் பெட்டியான ரெல் டி/5எக்ஸ் சப்வூஃபரைச் சேர்த்துச் சில ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்டு வருகிறேன். படம் பார்ப்பதற்காக அல்ல, இசைக்காக மட்டுமே. சப்வூஃபர் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அவர்கள் எந்த இசையை அதிகம் கேட்கிறார்கள் என்பதைத்தான்.

க்யூ150-இல் இருப்பது 5.25 அங்குல வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலியை எழுப்பும் கூம்பு. தயாரிப்பாளர் தரும் கணக்கின்படி 51 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 51 அதிர்வு) வரை இறங்கும். கர்நாடக இசைக்கு ஏறக்குறைய இதுவே போதும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகருக்குத் தம்புராவின் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ் அருகில் நிற்கிறது. மிருதங்கத் தொப்பியின் (இடப்பக்கத்தின்) கனமும் பெரும்பாலும் அதற்கு மேலேதான். கச்சேரிப் பதிவுகளை மட்டுமே கேட்பவர் சப்வூஃபருக்கான பணத்தில் ஸ்பீக்கருக்கு நல்ல ஸ்டாண்டு வாங்கலாம்.

பேஸ் கிட்டார் வந்தால் நிலைமை மாறுகிறது. அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதோடு சேர்ந்தெழும் மேற்சுரங்கள் 82, 123 என்று ஒலிப்பதால், சிறிய ஸ்பீக்கரிலும் அது என்ன ஸ்வரம் என்று காது கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த ஸ்வரத்துக்கு உடம்பு இருக்காது. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் பாடகரின் மெட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். சப்வூஃபர் வந்தபின் அந்த நடை முழுதாகக் கிடைத்தது. கிக் டிரம் ஓரிடத்தில், கிட்டார் ஓரிடத்தில் என்று பிரிந்து நிற்கின்றன. எனக்கு இதற்காகவே செலவு தகும்.

ஆனால் பெட்டியை விட அறைதான் பெரிய சிக்கல். என் அறை 10 அடிக்கு 12 அடி. 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் ஒலி சுவர்களுக்கிடையே அதிர்ந்து வீங்கும். மூலையில் வைத்தால் இரண்டும் ஒருசேர முழங்கும். 47 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7 மீட்டருக்கு மேல். தரை விரிப்போ திரைச்சீலையோ அதை அசைக்காது. இடத்தை மாற்றுவதுதான் வழி. நான் உட்காரும் நாற்காலி இருக்குமிடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டேன். எங்கே ஸ்வரங்கள் ஏற்றத்தாழ்வின்றி ஒலித்தனவோ அங்கே பெட்டி போய்ச் சேர்ந்தது: நீளச் சுவரின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். அன்று முதல் அதை நகர்த்தவில்லை.

இணைப்புக்கு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே மூன்று கம்பிகளை எடுக்கிறேன். சிவப்பு வலப்பக்க நேர்முனைக்கு, மஞ்சள் இடப்பக்க நேர்முனைக்கு, கறுப்பு எதிர்முனைக்கு. எல்லா ஆம்ப்ளிஃபயருக்கும் இது பொருந்தாது. டி வகை (கிளாஸ் டி) ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் எதிர்முனையிலும் சமிக்ஞை ஓடும் என்பதால், கறுப்புக் கம்பியை எங்கே சேர்ப்பது என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெட்டுப்புள்ளியை, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்ற எல்லையை, ஸ்பீக்கர் களைக்கும் இடத்துக்குச் சற்று அருகிலேயே, தாழ்வாக வைத்திருக்கிறேன். படங்களுக்குச் சொல்லப்படும் 80 ஹெர்ட்ஸ் என் அறையில் ஆண் குரலைத் தடிக்க வைக்கிறது. சரிபார்க்க நான் கையாளும் வழி செய்தி வாசிப்பு. வாசிப்பவரின் குரல் நெஞ்சிலிருந்து உருமினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 டிகிரி என்று மாற்றிப் பார்த்து, நாற்காலியில் பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கத்தில் விட்டுவிடலாம். அதற்கு மேல் அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

டி/5எக்ஸின் 8 அங்குல வூஃபர் தரையை நோக்கியது. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதிர்வு கான்கிரீட் தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். தடித்த ரப்பர் பலகை மேல் வைத்திருப்பதால் தரை அதிர்வு குறைந்தது. காற்று வழியே போகும் ஒலிக்கு அது உதவாது. ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிட்டு, க்யூ150 மட்டும் போதுமான பதிவுகளைக் கேட்கிறேன்.