ஒரே இடத்தில் மூன்று முறை வந்த கோடு

ஊருக்கு வந்த இரண்டாம் நாள் காலையில், அப்பாவின் கணினித் திரையில் இடப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மேலிருந்து கீழ்வரை ஒரு முடியிழை அளவுக்குப் பச்சைக் கோடு ஒன்று நிற்பதைப் பார்த்தேன். அப்பா மெய்ப்புத் திருத்துபவர். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் அந்தத் திரைக்கு முன்னால் இருப்பவர். ஆவணத்தைத் திறக்கும் சாளரத்தைச் சுருக்கி, கோட்டுக்கு வலப்பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு அவர் வேலை செய்துகொண்டிருந்தார். மெய்யெழுத்தின் மேல் கோடு விழுந்துவிட்டால் அதற்குப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை என்றும், அதனால்தான் இப்படி நகர்த்தி வைத்திருப்பதாகவும் அவர் சொன்னபோது, இந்த 24 நாள் விடுமுறையில் முதலில் முடிக்க வேண்டிய வேலை இதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கணினி முழுவதும் திரைக்குப் பின்னாலேயே அடங்கிவிடும் ஆல்-இன்-ஒன் வகை மேசைக் கணினி அது. வாங்கி இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆகியிருந்தன. வீட்டுக்கே வந்து பழுது பார்த்துத் தரும் மூன்றாண்டு உத்தரவாதம் இருந்தது. முதல் கோடு ஏழாம் மாதத்தில் வந்தது, படத்தைக் காட்டும் தகடான பேனலை மாற்றினார்கள். பதினான்காம் மாதத்தில் மறுபடி வந்தது, மறுபடியும் பேனலை மாற்றினார்கள். இரண்டு முறையும் நான் வெளிநாட்டில் இருந்தேன். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "புதுசா மாத்திக் கொடுத்துட்டாங்க" என்று அப்பா நிறைவாகவே சொன்னதால், அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது வந்திருப்பது மூன்றாவது கோடு.

பழுது பார்க்க வந்தவர்கள் எழுதித் தந்து கோப்பில் இருந்த பழைய இரண்டு ஜாப் ஷீட்டுகளையும் எடுத்துப் படித்தேன். இரண்டிலும் ஒரே வாசகம்: "டிஸ்ப்ளே பிரச்சினை, பேனல் மாற்றப்பட்டது." கோடு எந்த நிறத்தில் இருந்தது, திரையின் எந்தப் பகுதியில் இருந்தது, எப்போது தோன்றியது என்று ஒரு சொல்கூட இல்லை. அப்பாவுக்கு இது அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரே நோய். நிறுவனத்தின் பதிவேட்டிலோ, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் திறந்து மூடப்பட்ட இரண்டு தனிப் புகார்கள். அந்த இடைவெளியை நிரப்பாமல் மூன்றாவது முறையும் பேனலை மட்டும் மாற்றினால், நான் விமானம் ஏறிய சில மாதங்களில் நான்காவது கோடும் வரும் என்றே எனக்குத் தோன்றியது.

எனவே புகார் கொடுப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுதையும் அடுத்த காலைகளையும் சோதனைக்கு ஒதுக்கினேன். கோடு தெரியும்போதே திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அதை என் கைபேசிக்கு அனுப்பிப் பார்த்தேன். படத்தில் கோடு இல்லை. அப்படியென்றால் கணினி உருவாக்கும் படத்தில் குறையில்லை, அந்தப் படம் திரைக்குச் சென்று சேரும் வழியிலோ திரையிலோதான் குறை. அடுத்து, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக வீட்டுத் தொலைக்காட்சியை இணைத்தேன். அங்கே படம் சுத்தமாக இருந்தது. பிறகு கணினியை மறுபடி தொடங்கி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் சென்றேன். விண்டோஸே தொடங்காத அந்த நிலையிலும் கோடு அதே இடத்தில் நின்றது. "டிரைவரைப் புதுப்பியுங்கள், விண்டோஸை மறுபடி நிறுவுங்கள்" என்று உதவி மையத்தில் வழக்கமாகச் சொல்லும் முதற்கட்ட வேலைகளுக்கு இந்தச் சோதனையே விடையாகிவிட்டது. கடைசியாகச் செய்ததுதான் பின்னால் மிகவும் உதவியது. இரவு முழுவதும் அணைத்து வைத்திருந்த கணினியைக் காலையில் இயக்கி, எத்தனை நிமிடத்தில் கோடு வருகிறது என்று கடிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டு காணொளி எடுத்தேன். மூன்று காலைகளில் மூன்று முறையும், ஏறத்தாழ 40 நிமிடம் கழித்தே அது தோன்றியது.

குத்துக்கோடு ஏன் வருகிறது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிற்பாடு நடந்த பேச்சு முழுவதும் இதைச் சுற்றியே அமைந்தது. 1920×1080 அளவுள்ள திரையில் குறுக்குவாட்டில் பிக்சல் எனப்படும் 1,920 ஒளிப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உட்பகுதிகள் இருப்பதால் மொத்தம் 5,760 நெடுவரிசைகள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மின்னழுத்தம் கொண்டுசெல்லும் மெல்லிய தடங்கள் கண்ணாடியின் விளிம்பில் வந்து முடிகின்றன. அங்கே, இயக்கும் சில்லுகளைத் தாங்கிய வளையும் படலங்கள், மின்கடத்தும் துகள்கள் கலந்த ஒட்டுப்படலத்தால் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்டப்பட்டிருக்கும், அவை பற்றவைக்கப்படுவதில்லை. அந்த ஒட்டு ஓரிடத்தில் தளர்ந்தால், அந்தத் தடத்தைச் சார்ந்த ஒரே ஒரு நெடுவரிசை மட்டும் தன் போக்கில் ஒளிரும் அல்லது இருண்டுவிடும். வெப்பத்தில் பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிவதால்தான், குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும் திரையில் சூடேறியதும் கோடு தோன்றுவதும், சில திரைகளில் அதற்கு நேர்மாறாக நடப்பதும். திரையையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் கேபிளில் குறை இருந்தால் பெரும்பாலும் படம் முழுவதும் சிமிட்டும், நிறம் மாறும், அகலமான பட்டைகள் வரும், அல்லது திரை வெறுமையாகிவிடும். ஒற்றை நெடுவரிசை மட்டும் கெடுவது அரிது.

உதவி மையத்தில் புகாரைப் பதிவது எளிதாகவே நடந்தது. விலைச்சீட்டு அப்பாவின் பெயரிலும், கணினி இருக்கும் நாட்டிலேயே வாங்கியதாகவும் இருந்தது அதற்கு முக்கியக் காரணம். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்காகக் கணினி வாங்கித் தர நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: மடிக்கணினிகளுக்குப் பன்னாட்டு உத்தரவாதம் தரும் தயாரிப்பாளர்கள்கூட, மேசைக் கணினிகளுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே பழுது பார்ப்பது உண்டு. நான் முதலில் நான் வசிக்கும் வெளிநாட்டிலேயே வாங்கிக் கையோடு கொண்டுவர நினைத்தவன். நண்பர் ஒருவர் தடுத்திராவிட்டால் இந்த மூன்று பழுதுகளுக்கும் போவதற்கு இடமிருந்திருக்காது.

ஆறாம் நாள் காலையில் பழுது பார்க்க ஓர் இளைஞர் வந்தார். நல்லவர், மரியாதையாகப் பேசினார். ஆனால் அன்று அவருக்கு இன்னும் ஆறு வீடுகள் இருந்தன. கணினியை இயக்கினார், திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிப் பார்த்தார், பத்து நிமிடத்தில் சோதனை முடிந்தது. குளிர்ந்திருந்த திரையில் கோடு வரவே இல்லை. "இப்போ ஒண்ணும் தெரியலையே சார்" என்று சொல்லி, ஜாப் ஷீட்டில் "குறை காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

அந்த இரண்டு சொற்களில் நான் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் புகார் அங்கேயே மூடப்பட்டிருக்கும். அடுத்த முறை அழைக்கும்போது அது எனக்கு எதிரான ஆவணமாகவும் நின்றிருக்கும். "தம்பி, நீங்கள் பார்த்தபோது தெரியவில்லை என்பது உண்மைதான், அதை அப்படியே எழுதுங்கள், ஆனால் அதன் கீழே நான் சொல்வதையும் எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, தம் மேலாளரை அழைத்துப் பேசிய பிறகு எழுதினார்: "இயக்கி ஏறத்தாழ 40 நிமிடம் கழித்து, இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பச்சைக் குத்துக்கோடு. வாடிக்கையாளர் காணொளி காட்டினார். இரண்டு முறை பேனல் மாற்றிய பின்னும் அதே இடத்தில் வருகிறது." அந்த மூன்று வரிகளுக்காக நான் ஒன்றரை மணி நேரம் செலவிட்டேன் என்பதில் எனக்கு வருத்தமில்லை. அப்பாவின் கோப்பில் அந்தக் குறையின் முகவரி முதன்முறையாக எழுத்தில் பதிவானது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து உதவி மையத்திலிருந்து அழைத்த அலுவலர், ஒரு சில பிக்சல் குறைகள் உத்தரவாதத்தில் அடங்காது என்ற விதியை நினைவூட்டினார். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. தட்டைத் திரைகளில் குறையுள்ள பிக்சல்களை வகைப்படுத்த பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.விடமிருந்து 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற தரமும், அதன் இடத்தில் 2008-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற தரமும் உள்ளன; இவற்றைப் பின்பற்றி எத்தனை புள்ளிகள் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்கள் தம் விதியை வகுத்துக்கொள்கிறார்கள். பழைய தரத்தின் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிரும் பிக்சல் 2, எப்போதும் இருண்டிருக்கும் பிக்சல் 2, குறையுள்ள உட்பகுதிகள் 5 என்பது வரம்பு. எங்கள் திரையில் 20,73,600 பிக்சல்கள். இந்தக் கணக்கில் குறையுள்ள உட்பகுதிகள் பத்து வரை பொறுக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், மேலிருந்து கீழ்வரை நிற்கும் ஒரு கோட்டில் 1,080 உட்பகுதிகள் கெட்டிருக்கின்றன. இந்தக் கணக்கை நான் நிதானமாகச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. புகாரை மேல்நிலைப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார், அன்றே மாற்றவும் செய்தார். குரலை உயர்த்தியிருந்தால் அதே பதில் வந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

பன்னிரண்டாம் நாள் வந்தவர் அனுபவம் மிக்கவர், ஐம்பதை ஒட்டிய வயது. அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கணினியை இயக்கி வைத்திருந்தோம்; உள்ளே நுழையும்போதே கோடு அவர் கண்ணில் பட்டது. பழைய ஜாப் ஷீட்டுகளை வாங்கி மூன்றாவதிலிருந்து பின்னோக்கிப் படித்தவர், "ரெண்டு பேனலும் ஒரே இடத்துல போகாதுங்க, வேற எதுவோ பேனலைக் கெடுக்குது" என்றார். இரண்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

திரையைக் கழற்றி மெத்தையின் மேல் கவிழ்த்து வைத்தார். பின்புறச் சட்டகத்தின் கீழ் விளிம்பில் ஓர் எஃகு அளவுகோலைக் கிடையாக நிறுத்தி, மறுபக்கம் கைபேசி விளக்கைப் பிடிக்கச் சொன்னார். குனிந்து பார்த்தேன். விளிம்பின் வலப்பாதியில் அளவுகோல் ஒட்டி உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் வரவர, அளவுகோலுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் வெளிச்சம் ஒரு கோடாகக் கசிந்தது. பேனலைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் கொக்கி ஒன்று அடியோடு முறிந்திருந்தது. முதல் பேனலுக்கு முன்பே முறிந்ததா, முதல் முறை கழற்றும்போது முறிந்ததா என்று இப்போது சொல்ல வழியில்லை என்றார் அவர். சட்டகம் அந்த இடத்தில் மேடாகிவிட்டதால், வளையும் படலங்களில் ஒன்று கண்ணாடிக்கும் சட்டகத்துக்கும் இடையில் நெருக்கப்பட்டிருந்தது. கணினி சூடேறி எல்லாம் சற்று விரியும்போது அழுத்தம் கூடியது. பிறகு திரையை நிமிர்த்தி இயக்கி, அவர் விரல் நுனியால் அந்த இடத்தை மெல்ல அழுத்தி விட்டபோது, முன்பக்கம் நான் பிடித்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் பச்சைக் கோடு மறைந்து மறுபடி வந்தது. அடுத்த அறையிலிருந்து அப்பாவை அழைத்து அதைக் காட்டினேன்.

பேனலோடு சட்டகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று அவரே எழுதினார். உதிரிகள் வர ஐந்து நாள் ஆயின. பதினேழாம் நாள் பிற்பகல் முழுவதும் வேலை நடந்தது. சட்டகத்தை மாற்றத் தாய்ப்பலகை உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும் என்பதால் முந்தின இரவே அப்பாவின் கோப்புகள் அனைத்தையும் வெளிவட்டில் நகலெடுத்து வைத்திருந்தேன். பொருத்தி முடித்தபின் அவர் மறுபடி அளவுகோலை வைத்துக் காட்டினார், எங்கும் வெளிச்சம் கசியவில்லை. இரண்டு மணி நேரம் இயக்கிப் பார்த்த பிறகே அவர் கிளம்பினார். ஜாப் ஷீட்டில் மாற்றிய இரண்டு உதிரிகளின் எண்களும், பழைய பேனல் கெட்டதற்கான காரணமும், சோதித்த நேரமும் இருக்கின்றன.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. புதிய பேனலுக்குத் தனியாக உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேட்டிருந்தேன். மூல உத்தரவாதத்தில் எஞ்சிய காலமே பொருந்தும், மாற்றும் உதிரிகள் புதுப்பிக்கப்பட்டவையாகவும் இருக்கலாம் என்று நிபந்தனையைச் சுட்டி பதில் வந்தது. பல தயாரிப்பாளர்களின் ஒப்பந்தத்தில் இந்த வாசகம் இருக்கத்தான் செய்கிறது, வாங்கும்போது நாம் படிப்பதில்லை. ஆனால் சட்டகத்தின் குறையால் இரண்டு பேனல்கள் கெட்டு, அந்தப் பழுதுகளுக்காகக் கணினி முடங்கிக் கிடந்த நாள்களும் வாடிக்கையாளரின் உத்தரவாதக் காலத்திலேயே கழிக்கப்படுவது நியாயம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த நாள்களை நீட்டித்துத் தரும்படி நான்கு ஜாப் ஷீட்டுகளின் நகல்களுடன் மறுபடி எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

கிளம்பும் முன் கணினியின் அருகில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துவிட்டு வந்தேன். தேதி, இயக்கிய நேரம், அணைத்த நேரம், கோடு உண்டா இல்லையா என்று அப்பா தன் கையெழுத்தில் எழுதி வருகிறார். நேற்று பேசும்போது ஐந்தாவது வாரத்தின் பக்கத்தைப் படித்துக் காட்டினார். எல்லா நாளும் "இல்லை". சாளரத்தை நடுவுக்கு நகர்த்திவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்.