வலையமைப்பில் வளையம்: ஸ்பேனிங் ட்ரீயா, லூப் டிடெக்‌ஷனா?

கம்பிவழி வலையமைப்பான ஈதர்நெட்டில் செல்லும் தரவுப் பொதிக்கு, அதாவது ஃபிரேமுக்கு, ஆயுள் வரம்பு இல்லை. ஆகவே கணினிகளை இணைக்கும் கருவிகளான ஸ்விட்ச்சுகளுக்கிடையே வளையம் உருவானால், எல்லாருக்கும் அனுப்பப்படும் ஒரேயொரு பிராட்காஸ்ட் ஃபிரேமே பெருகி முழு வலையமைப்பையும் முடக்கிவிடும். இதைத் தடுக்க இரு வழிகள் உண்டு.

ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ முறையில், ஸ்விட்ச்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, ஒன்றை வேராகத் தேர்ந்து, மிகையான இணைப்பை மட்டும் அடைத்து வைக்கின்றன. இயங்கும் இணைப்பு அறுந்தால் அடைத்ததைத் தாமே திறக்கின்றன. குன்னூர்ச் சரிவுகளில் தொழிற்சாலை, அலுவலகம், கிடங்கு என்று சிதறி நிற்கும் தேயிலைத் தோட்டக் கட்டடங்களுக்கு இந்தப் பண்பு இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்தோ மண் சரிந்தோ ஃபைபர் அறுவது அங்கே எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. பழைய முறை மீள 30 முதல் 50 நொடி எடுக்கும். 2001இல் வந்த ரேப்பிட் வடிவம் பெரும்பாலும் சில நொடிகளுக்குள் மீண்டுவிடும் என்பதால், பழையதை வைத்திருக்கக் காரணமில்லை.

லூப் டிடெக்‌ஷன் எளியது. ஸ்விட்ச் அனுப்பும் சோதனை ஃபிரேம் அதனிடமே திரும்பினால், அந்தப் போர்ட் (கேபிள் செருகும் வாய்) மூடப்படும். மாற்றுப்பாதை எதையும் இது தராது. ஆனால் மேசையடியில் யாரோ மலிவான ஸ்விட்ச் ஒன்றைச் செருகி, அதன் இரு போர்ட்டுகளை ஒரே கேபிளால் இணைத்துவிடும்போது இதுவே கைகொடுக்கும்: அத்தகைய சில ஸ்விட்ச்சுகள் ஸ்பேனிங் ட்ரீ செய்திகளைக் கடத்தாமல் விழுங்கிவிடுவதால், மேலுள்ள ஸ்விட்ச்சுக்கு வளையம் தெரிவதே இல்லை, பிராட்காஸ்ட்டாக அனுப்பப்படும் சோதனை ஃபிரேமோ திரும்பி வந்துவிடும். மூடப்பட்ட போர்ட்டே பழுதுள்ள அறையைக் காட்டிவிடுவது, ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்க்க மேடேறி இறங்க வேண்டிய இடத்தில் சிறிய நன்மையன்று.

ஆகவே கட்டடங்களுக்கிடையே ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீயையும், கணினிகள் சேரும் போர்ட்டுகளில் லூப் டிடெக்‌ஷனையும் வைப்பதையே பரிந்துரைப்பேன். கட்டடங்களை இணைக்கும் போர்ட்டுகளில் பின்னதை இயக்க வேண்டாம். அது அங்கே போர்ட்டை மூடினால் ஒரு கட்டடம் முழுவதும் துண்டிக்கப்படும்.